யார் வீட்டுச் சிலந்தி?

கெடாவின் செம்பனைத் தோட்டங்களில் விடிந்தும் விடியாமலும் நிரைக்குள் நுழைகிறவர்கள் முகத்துக்கு நேராக ஒரு குச்சியை நீட்டிக்கொண்டு நடப்பதுண்டு. இரண்டு மரங்களுக்கு நடுவே, மட்டைக்கு மட்டை இழுத்து, ஆள் உயரத்தில் கட்டியிருக்கும் வலைக்காகத்தான் அந்தக் குச்சி. வீட்டு மூலையில் படியும் ஒட்டடையைப் போல இது கை பட்டதும் உதிராது. இழுத்தால் விறைக்கும், இன்னும் இழுத்தால்தான் அறும். வெயில் ஏறியதும் அதே வலை மஞ்சளாக மின்னும். நடுவில், சரியாகச் சொன்னால் நடுவுக்குச் சற்று மேலே, தலைகீழாக ஒரு சிலந்தி தொங்கும். உடல் மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர். காலை விரித்தால் 20 சென்டிமீட்டரைத் தொடும் பெண்களும் உண்டு.

தோட்டப்புறத்தில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. சுவரில் ஓடுவதும் எட்டுக்கால் பூச்சி, மரத்தில் வலை கட்டுவதும் எட்டுக்கால் பூச்சி. பார்த்தவுடன் வரும் முதல் கேள்வி, "விஷமா?" என்பது. விஷம் உண்டு, பூச்சிகளைச் செயலிழக்க வைக்கும் அளவுக்கு. கையால் பிடித்து நசுக்கினால் கடிக்கும்; கடித்த இடம் சிவந்து வலித்து அடங்கும். மற்றபடி வலையைத் தொட்டால் மேலே ஏறி ஒளியப் பார்க்கும் பயந்த பிராணி அது. உடம்பில் கொப்புளம் வரிசையாகக் கிளம்பினால் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. பல நேரங்களில் அது அக்கி; சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் பல வருடம் கிடந்து மறுபடி எழுவது. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விஷக் கேள்வி முடிந்த பிறகுதான் சுவையான கேள்விகள் தொடங்குகின்றன. கல்யாண வீட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்போம், அடுத்து "எந்தத் தோட்டம், யார் மகன்?" என்று கேட்போம். சிலந்தி ஆராய்ச்சியாளர்களும் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். பெயர் கேட்பது இனங்காணல். யார் மகன் என்பது வகைப்பாடு. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தோன்றும். கெடாவின் இந்தப் பொன்வலைச் சிலந்தி விஷயத்தில் அப்படியில்லை. 1793இல் இதற்கு வைத்த இனப்பெயர் இன்றும் செல்லும். எந்தக் குடும்பம் என்ற கேள்விக்கோ, 1980களிலிருந்து நாலைந்து முறை விடை மாறிவிட்டது.

முதலில் பெயர். நெஃபிலா பிலிப்பெஸ். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா முழுவதும் பரவி ஆஸ்திரேலியா வரை வாழும் சிலந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடையோரங்களில் பார்த்தவர்களுக்கு ஜெராய் மலை அடிவாரத்தில் பார்ப்பது பழைய முகமாகத்தான் இருக்கும். பெண்ணின் வயிறு நீண்ட உருளை. கரும்பழுப்பு நிறத்தின் மேல் மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கால்கள் கறுப்பு, மூட்டுகளில் மஞ்சள் பொட்டு. வாயருகே இருக்கும் இரண்டு குட்டைக் கைகளில் சிவப்புச் சாயல் தெரியும்.

ஆளைவிட வலையைப் பார்ப்பது இன்னும் பயன் தரும். வட்டவலை கட்டும் பெரும்பாலான சிலந்திகள் முதலில் ஒட்டாத நூலால் ஒரு தற்காலிகச் சுருளைப் போட்டு, அதன் மேல் நடந்துகொண்டே பசையுள்ள சுருளைப் போடும். போகிற போக்கில் பழைய சுருளைத் தின்றுவிடும். நெஃபிலா அதைத் தின்பதில்லை, அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் கிட்டே போய்ப் பார்த்தால் பசை இழைகள் கொத்துக் கொத்தாகவும், ஒவ்வொரு கொத்துக்கும் நடுவில் ஒட்டாத இழை ஒன்று பிரித்துக் காட்டுவது போலவும் தெரியும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வேலிகளில் இரவில் வலை கட்டும் சிறிய சிலந்திகள் பல, விடியும் முன் வலையையே உருட்டி விழுங்கிவிட்டு மறுநாள் புதிதாகக் கட்டும். நெஃபிலா அவ்வளவு செலவாளி அல்ல. கிழிந்த பாதியை மட்டும் மாற்றி நாட்கணக்கில் ஒரே வலையில் காலம் தள்ளும். ஒரு மீட்டர் அகலத்துக்கு வலை கட்டுகிற பிராணிக்கு அதுதான் கட்டுபடியாகும். சிறு பறவைகளும் வௌவால்களும்கூட எப்போதாவது அதில் மாட்டுவதுண்டு.

பெரிய வலையில் பெரிய பெண் மட்டும் இருப்பதில்லை. மேலே, அவளுக்கு ஒரு சாண் தள்ளி, செம்பழுப்பு நிறத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர் உடலோடு ஒன்றிரண்டு சிறிய சிலந்திகள் இருக்கும். வலையின் ஓரங்களில் அதைவிடச் சிறியதாக, ரத்தச் சிவப்பில், சொட்டு விழுந்தது போல் வேறு சில. பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் 'குட்டிகள்' என்று சொல்லிவிடுவார்கள். முதல் கூட்டம் குட்டிகள் அல்ல, கணவன்மார்கள். பெண்ணின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத ஆண்கள். எடையில் பெண் நூறு மடங்குக்கும் மேல். இரண்டாவது கூட்டம் திருடர்கள். ஆர்ஜிரோடஸ் மினியாசியஸ் என்ற வேறு குடும்பத்துச் சிலந்தி. சொந்த வலையில் வேட்டையாடும் சிரமம் எதற்கு என்று நெஃபிலாவின் வலையில் ஒட்டிக்கொண்டு, விழும் இரையில் களவாடிப் பிழைக்கிறது. மொட்டை மாடி, செம்பனை மட்டை, ஆற்றங்கரைப் புதர் என்று எங்கே பெரிய பொன்வலை இருக்கிறதோ அங்கே தேடினால் இந்தச் சிவப்புச் சொட்டு பெரும்பாலும் கிடைக்கும்.

இந்தத் திருடர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி, கெடாவில் செம்பனை வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டியது. மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவின் முதிர்ந்த செம்பனைத் தோட்டங்களில் ஒரு குழு சில இடங்களில் மரத்தடிப் புல்பூண்டுகளை வளரவிட்டது. சில இடங்களில் வழக்கப்படி விட்டது. சில இடங்களில் முழுதாக அழித்தது. பிறகு வலைகளில் திருடர்களை எண்ணினார்கள். வலையின் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 31 வரை திருடர்கள் இருந்தார்கள். புல்பூண்டு அழித்த இடங்களில் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருந்தது. 2018இல் வெளியான முடிவு இது. மருந்தடித்துத் தரையை மொட்டையாக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் அறுந்து போகும் உறவுகளில் ஒரு திருட்டு உறவும் இருக்கிறது. தோட்டத்து மேலாளர்கள் இதற்காக வருத்தப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பூச்சி உண்ணிகளின் உலகம் எவ்வளவு நுணுக்கமாகத் தரைச் செடிகளைச் சார்ந்திருக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்லப் போனவர்கள் இந்தச் சிலந்தியிடம் நன்றாக ஏமாந்திருக்கிறார்கள். லின்னேயஸின் மாணவரான டென்மார்க்குக்காரர் ஃபப்ரீசியஸ் 1793இல் ஒரே நூலில் பிலிப்பெஸ், மாக்குலாட்டா என்று இரண்டு பெயர்களை வெளியிட்டார். இரண்டும் ஒரே இனம்தான் என்பது பின்னால் தெரிய வந்தது. நூறு வருடத்துக்கும் மேல் புழக்கத்தில் இருந்தது மாக்குலாட்டா. 1900இல் பிரிட்டிஷ் இந்தியாவின் சிலந்திகளுக்கு போகாக் எழுதிய பெருநூலிலும் அந்தப் பெயர்தான். பழைய நூல்களில் நெஃபிலா மாக்குலாட்டா என்று பார்த்தால் வேறு சிலந்தி என்று நினைக்க வேண்டாம்.

அதற்குள் நிற வேறுபாடுகளுக்கெல்லாம் பெயர் வைக்கும் வேலையும் நடந்தது. கொஞ்சம் கறுப்பு கூடினால் ஒரு பெயர், காலில் வளையம் தெரிந்தால் ஒரு பெயர். அதில் ஒன்று நமக்கு மிக அருகில் பிறந்தது. 1899இல் கேம்பிரிட்ஜிலிருந்து கிளம்பிய ஒரு பயணக்குழு வட மலாய் மாநிலங்களில் உயிரினங்களைச் சேகரித்தது. தலைவர் ஸ்கீட், மலாய் மந்திர நம்பிக்கைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அதே ஸ்கீட்தான். சேகரித்த சிலந்திகள் பாரிஸுக்கு, அந்தக் காலத்துச் சிலந்தி அறிஞர்களில் முதல்வரான யூஜின் சிமோனிடம் போயின. 1901இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் நெஃபிலாவின் ஒரு வகைக்கு யாலோரென்சிஸ் என்று பெயர். யாலோர் என்பது அன்றைய பட்டாணி அரசுகளில் ஒன்று; கெடாவின் எல்லையைத் தாண்டினால் வரும் இன்றைய தாய்லாந்தின் யாலா. பாலிங், சிக் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பார்க்கிற சிலந்திக்கும் எல்லைக்கு அப்பால் இருக்கும் சிலந்திக்கும் குடிநுழைவுச் சோதனை கிடையாது.

நிறம் ஏன் இப்படி மாறுகிறது? தைவானில் இதே இனத்தில் மஞ்சள் குறிகள் உள்ளவையும் ஏறக்குறைய முழுக் கறுப்பானவையும் சேர்ந்து வாழ்கின்றன. தேனீயின் கண்ணுக்கு அவை எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு 2004இல் ஒரு குழு எழுதியது. மஞ்சள் உள்ளவற்றுக்கே அதிக இரை கிடைத்தது. ஆக, மஞ்சள் பட்டைகள் பூச்சிகளை ஏய்க்கும் விளம்பரப் பலகை. அதை வைத்து மனிதர்கள் வகை பிரிக்கப் போனது பூச்சிகள் செய்த அதே தவறு.

கெடாவில் குழப்பம் தர இன்னும் இரண்டு நெருங்கிய சொந்தங்கள் இருக்கக்கூடும். 1859இல் டச்சு இந்தியப் படையின் மருத்துவர் டோலெஷால் பெயரிட்ட நெஃபிலா கூலி ஒன்று. பிலிப்பெஸின் கறுப்பு வடிவத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. இன்னொன்று ஆன்டிபோடியானா. வயிற்றின் மேல் பாத்தேக் துணி போலக் கோலம் இருக்கும், வலையும் மஞ்சள்தான். இதைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி 2011இல் வெளியானது. சிங்கப்பூர், மெல்பர்ன் ஆராய்ச்சியாளர்கள் இதன் நூலில் 2-பைரோலிடினோன் என்ற வேதிப்பொருள் பூசப்பட்டிருப்பதைக் கண்டார்கள். எறும்புகள் அந்த நூல் மேல் ஏற மறுத்தன. மிகச் சிறிய குஞ்சுகளின் நூலில் அந்தப் பொருள் இல்லை. நூல் அவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது எறும்பு ஏறவே முடியாது, பூசி என்ன பயன்? வளர்ந்த பிறகு, நூல் தடித்த பிறகு, பூசுகிறது. எறும்பு மொய்க்கும் பால்மரக் காட்டில் இது எவ்வளவு பெரிய உதவி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, நிறம் பொய் சொல்லும், அளவு வயதைப் பொறுத்தது என்றால், பெயரை முடிவு செய்வது எது? வயிற்றின் அடிப்பக்கம்.

வளர்ந்த பெண் சிலந்தியைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றடியில், முன்பகுதியில், கெட்டியான சிறு தகடு ஒன்று தெரியும். அது இனப்பெருக்கத் துளைகளின் மேல் அமைந்த தகடு. ஆணுக்கு அதற்குப் பொருத்தமான உறுப்பு வயிற்றில் இல்லை. வாயருகே இருக்கும் இரண்டு குட்டைக் கைகளின் நுனியில் இருக்கிறது. ஆண் முதலில் ஒரு சின்ன வலையைக் கட்டி அதில் விந்தைச் சொட்டவிட்டு, கை நுனியில் உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. பிறகுதான் பெண்ணைத் தேடிப் போகிறது. அந்தக் கை நுனியில் வளைந்தும் முறுக்கியும் இருக்கும் குழாயும், பெண்ணின் தகடும் அதற்குள் சுருண்டு போகும் நாளங்களும் இனத்துக்கு இனம் மாறுபடும். ஒரே மாதிரி கோடு போட்ட இரண்டு சிலந்திகளை இவை பிரித்துவிடும். வெவ்வேறு நிறத்தில் இருக்கும் இரண்டை ஒன்று என்றும் சொல்லிவிடும்.

இதனால்தான் சிலந்தி அறிஞரிடம் குஞ்சின் படத்தைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். கடைசித் தோலுரிப்புக்கு முன் அந்தத் தகடு முழுதாக உருவாகியிருக்காது. ஆய்வகத்தில் சாராயத்தில் போட்டு வைத்த பெண்ணின் தகட்டை வெட்டி எடுத்து, தசையைக் கரைக்கும் மருந்தில் ஊற வைத்து, உள்ளே இருக்கும் நாளங்கள் கண்ணாடி போலத் தெரியும்படி செய்து, நுண்ணோக்கியில் வைத்துப் படம் வரைவார்கள். பிறகு பழைய நூல்களின் படங்களோடு ஒப்பிடுவார்கள். பழைய படங்கள் சில நேரம் ஒரு பொட்டும் இரண்டு கோடும் மட்டுமாக இருக்கும். அப்போது, அந்தப் பெயர் எந்தச் சிலந்திக்கு வைக்கப்பட்டதோ அந்த மூலச் சிலந்தி கிடக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

சுங்கை பட்டாணி, கூலிம் வீட்டு வேலிகளில், மல்லிகைச் செடியிலும் செம்பருத்தியிலும், வலையின் நடுவில் வெள்ளைக் குறுக்குக் கோடு போட்டு அதன் மேல் நாலு ஜோடிக் கால்களை எக்ஸ் எழுத்து போல விரித்து உட்காரும் ஆர்ஜியோப்பி சிலந்திகளும் வெளித்தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம். வெர்சிகலர், எமுலா, புல்கெல்லா, நெல் வயல்களையும் புல்வெளிகளையும் விரும்பும் கேட்டெனுலாட்டா என்று பல இனங்கள் இந்தப் பகுதிக்கு உரியவை. முதுகுக் கோடுகளை வைத்து ஓரளவு பிரிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. வெர்சிகலர் சிறியதாக இருக்கும்போது வலை நடுவில் வெள்ளை வட்டம் போடும். வளர்ந்தபின் குறுக்குக் கோடு போடும். வலைக்கோலத்தை மட்டும் பார்த்தால் இரண்டு இனம் என்று சொல்லத் தோன்றும். அந்தக் கோலம் எதற்கு என்ற சண்டையும் தீரவில்லை. சிங்கப்பூரில் 2001இல் வெளியான ஆய்வில், சிலந்திகளையே வேட்டையாடும் போர்ஷியா என்ற குதிக்கும் சிலந்தி கோலம் உள்ள வலைகளை நோக்கியே அதிகம் போனது. இரை வருகிறது, எமனும் வருகிறான்.

ஆர்ஜியோப்பியில் இன்னொரு சிக்கல். புணர்ச்சியின்போது ஆணின் குழாய் நுனி பல நேரம் உடைந்து பெண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்து வரும் ஆணுக்கு வழி அடைபடுகிறது. ஆணுக்கு அது தந்திரம். நுண்ணோக்கியில் பார்க்கிறவருக்குத் தலைவலி. தகட்டில் துருத்திக்கொண்டிருப்பது பெண்ணின் உறுப்பா, எவனோ விட்டுப்போன நுனியா என்று தெரியாமல் பழைய ஆசிரியர்கள் தடுமாறியிருக்கிறார்கள். ஜெர்மனியின் பீட்டர் யேகர் 2012இல் இந்த உடைந்த நுனிகளை வைத்தே ஆர்ஜியோப்பி பேரினத்தை மறுஆய்வு செய்தார். எதிலும் ஓர் உபயோகத்தைக் காண்பவர்கள் இருக்கிறார்கள்: பெண்ணுக்குள் உடைந்து கிடக்கும் நுனியின் வடிவம், அந்தப் பெண் எந்த இனத்து ஆணோடு சேர்ந்தாள் என்று சொல்லிவிடும். ஒரே இனத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்திருந்தால், இரண்டையும் சேர்த்து வைக்க இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பிலிப்பெஸின் ஆணும் சாமர்த்தியத்தில் குறைந்ததல்ல. நூறு மடங்கு எடையுள்ள, பசித்தால் தன்னையே தின்றுவிடக்கூடிய பெண்ணின் முதுகில் ஏறி, மெல்லிய நூலை அங்குமிங்கும் இழுத்துப் பூசும். நூல் அவளைக் கட்டிப்போடும் அளவுக்கு வலுவானதல்ல. அதன் தொடுகையில் பெண் அமைதியாகிறாள் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குழு 2011இல் காட்டியது.

இனி, யார் மகன் என்ற கேள்வி. 1890களில் சிமோன் நெஃபிலாவை வட்டவலைச் சிலந்திகளின் பெருங்குடும்பத்துக்குள் ஓர் உட்பிரிவாக வைத்தார். 1980களில் ஹார்வர்டின் ஹெர்பர்ட் லெவி அதை அங்கிருந்து எடுத்து நீள்தாடைச் சிலந்திகளின் குடும்பத்தில் சேர்த்தார். மூடா பாசன வயல்களில் நெல் தாள் மேல் குச்சி போல ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சிலந்திகளின் குடும்பம் அது. ஆணின் கை உறுப்பு இரண்டிலும் ஒத்திருப்பது அவருடைய காரணம். 2006இல் ஸ்லோவேனியாவின் மத்தியாஸ் குண்ட்னர், இது நீள்தாடையும் அல்ல, தனிக்குடும்பம் என்றார். தாடையின் அடியில் வெளிப்புறமாக ஒரு புடைப்பு. அதன் மேல் மெல்லிய வரிகள். நெஃபிலா வகைகளில் மட்டும் இப்படி என்பது அவர் கொடுத்த அடையாளங்களில் ஒன்று. பத்து வருடம் கழித்து மரபணுக்களை ஒப்பிட்ட இன்னொரு குழு, தனிக்குடும்பம் வேண்டாம், பழைய பெருங்குடும்பத்துக்கே போகட்டும் என்றது. 2019இல் குண்ட்னர் குழு நூற்றுக்கணக்கான மரபணுத் துண்டுகளோடு வந்து மறுபடி தனிக்குடும்பம் அமைத்தது. 2020இல் எதிர்தரப்பு மறுபடி கலைத்தது. இன்றும் இழுபறிதான்.

இதைக் கேட்டால் அறிவியலுக்கே உறுதி இல்லையோ என்று தோன்றும். ஆனால் சண்டை எதைப் பற்றி என்று உற்றுப் பார்க்க வேண்டும். நெஃபிலாவும் அதன் சொந்தங்களும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதில் சண்டை இல்லை. அவை வட்டவலைப் பெருங்குடும்பத்துக்கு நெருங்கிய உறவு, நீள்தாடைகள் தூரத்து உறவு என்பதிலும் மரபணு பார்த்த இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. லெவி கண்ட ஒற்றுமை நெருங்கிய உறவால் வந்ததல்ல என்று தெரிந்துவிட்டது. அது உண்மையான முன்னேற்றம். மீதிச் சண்டை, அந்தக் கிளைக்குக் குடும்பம் என்ற தகுதியைக் கொடுப்பதா, உட்குடும்பம் என்று வைப்பதா என்பது பற்றி. கிளை இயற்கையில் இருக்கிறது. தகுதி நாம் கொடுப்பது. என்னைக் கேட்டால், தகுதிச் சண்டைக்கு இவ்வளவு தாள் செலவழித்திருக்க வேண்டாம். அதே உழைப்பில் தென்கிழக்காசியாவின் பெயரில்லாத சிலந்திகள் எத்தனையோ பெயர் பெற்றிருக்கும்.

2019 ஆய்வு இன்னொரு காரியமும் செய்தது, அது நிலைத்துவிட்டது. நெஃபிலா என்ற ஒரே பேரினத்தில் கிடந்த பல இனங்கள் உண்மையில் இரண்டு கிளைகள் என்று கண்டு, பலவற்றை டிரைக்கோநெஃபிலா என்ற பேரினத்துக்கு மாற்றியது. பிலிப்பெஸ் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. ஆன்டிபோடியானா இடம் மாறியது. கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய்ப் பெருகி அங்கே பரபரப்பாகப் பேசப்படும் ஜோரோ சிலந்தியும் அப்படி மாறியதுதான். நெஃபிலா பெயரைச் சுமந்த புதைபடிவம் ஒன்றும் தப்பவில்லை. சீனாவின் உள் மங்கோலியாவில் 16 கோடி வருடத்துக்கும் முந்தைய பாறையில் கிடைத்த பெரிய பெண் சிலந்தியை 2011இல் நெஃபிலா ஜுராசிகா என்றார்கள். டைனோசர் காலத்துப் பொன்வலை என்று பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்து ஆண் கிடைத்தது. அதன் கை உறுப்பு நெஃபிலாவைப் போல் இல்லை. 2013இல் மங்கோலராக்னே என்று வேறு பேரினமே உருவாக்கி அங்கே கொண்டுபோய் வைத்தார்கள், கண்டுபிடித்தவர்களே. கை உறுப்பு வந்து சாட்சி சொன்னால் புகழ்பெற்ற பெயரும் நிற்காது.

வட்டவலை என்பதே ஒரு காலத்தில் உறவுக்குச் சாட்சியாக இருந்தது. வட்டவலை கட்டுபவை எல்லாம் ஒரே வம்சம் என்று நம்பினார்கள். பசைத் துளிகள் உள்ள நூலால் கட்டும் நெஃபிலாக்களும், பசையே இல்லாமல் பஞ்சு போன்ற நூலால் கட்டும் உலோபோரிடுகளும் ஒரே மரத்துக் கிளைகள் என்று. 2014இல் ஆயிரக்கணக்கான மரபணுக்களோடு வெளியான இரண்டு ஆய்வுகள் அந்த மரத்தை உடைத்தன. வட்டவலை மிகப் பழையது, பல வம்சங்கள் அதைக் கைவிட்டுவிட்டன என்று சிலர்; தனித்தனியாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியது என்று சிலர். வலை, நிறத்தை விட நல்ல சாட்சி. ஆனாலும் தனியாக நம்பக்கூடிய சாட்சி அல்ல.

மலேசியாவில் இந்த வேலையைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல அடிப்படை இருக்கிறது. 2000இல் மலேசிய இயற்கைக் கழகம் வெளியிட்ட மர்பி தம்பதியின் தென்கிழக்காசியச் சிலந்திகள் நூல் பேரினம் வரை கொண்டுபோய் விடும். சிங்கப்பூரின் தூதராக இருந்துகொண்டே சிலந்தி அறிஞராகவும் விளங்கிய ஜோசப் கோ 1989இல் எழுதிய சிறு கையேடு தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பொருந்தும். வேலிக்கம்பியிலும் சாலையோர மின்கம்பி இழுப்புகளிலும் நண்டு ஓடு போன்ற கெட்டி முதுகும் முள்ளுமாகத் தொங்கும் முட்சிலந்திகளுக்கு, கம்பாரின் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தாரும் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2019இல் தீபகற்ப மலேசியா அளவில் மரபணு உறவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய பேரினப் பிரிவுகள் மரபணுவோடு ஒத்துப்போகின்றனவா என்ற அதே கேள்விதான் அங்கேயும். பெர்ன் அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியல் 2022இல் 50,000 இனங்களைத் தாண்டியது. இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

பிலிப்பெஸைப் படம் எடுத்து யாரிடமாவது பெயர் கேட்பதானால், முதுகுப் படம் மட்டும் அனுப்ப வேண்டாம். முதுகு அழகாக இருக்கும், அதிகம் சொல்லாது. வலை முழுவதும் தெரிய ஒன்று, முகமும் வாயருகே உள்ள கைகளும் தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு ஐம்பது காசு அளவுக்கு ஏதாவது வைத்து ஒன்று. ஆணும் திருடர்களும் இருந்தால் அவற்றையும் எடுக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம் வயிற்றடி. நெஃபிலா வலையின் ஒரு பக்கத்தில் வயிற்றை வலைப் பக்கம் திருப்பித் தொங்குவதால், மறுபக்கம் போனால்தான் அந்தத் தகடு தெரியும். வலைக்குக் கீழே குனிந்து போகலாம் என்று நினைத்தால், கீழே இழுத்துக் கட்டிய நங்கூர நூல்கள் இருக்கும். ஒன்று அறுந்தாலும் சிலந்தி மேலே ஓடிவிடும். அந்த நிரையை விட்டு அடுத்த நிரை வழியாகச் சுற்றி வருவதுதான் குறுக்கு வழி.